இணைந்ததா, இணைத்ததா

2014 மார்ச் 18ஆம் தேதி, உக்ரைனின் தீபகற்பமான கிரிமியாவைத் தன்னோடு சேர்க்கும் ஒப்பந்தத்தில் ரஷ்யா கையெழுத்திட்ட அன்று இரவு, வெளிநாட்டுப் பக்கம் அச்சுக்குப் போகச் சில நிமிடங்களே இருந்தபோது, ‘ரஷ்யாவுடன் இணைந்தது கிரிமியா’ என்று நான் வைத்திருந்த தலைப்பில் ‘ந்’ என்ற எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு, மெய்ப்புத் தாளோடு என் மேசை முன் வந்து நின்றார் எங்கள் மெய்ப்புத் திருத்துநர். “தம்பி, இணைந்ததா, இணைத்ததா?” என்றார். “ரஷ்யாவோடு சேர்வது பற்றிக் கிரிமியாவில் நடந்த வாக்கெடுப்பில் 96 சதவீதத்துக்கு மேல் ஆதரவு என்று வந்திருக்கிறதே ஐயா, இணைந்தது என்றே இருக்கட்டும்” என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. கேள்விக்குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் என்னைச் சுருக்கொப்பமிடச் சொன்னார். இட்டேன்.

தெரியாமல் சொன்ன பதில் அல்ல அது. அதுதான் இன்றும் உறுத்துகிறது. பிப்ரவரி 27ஆம் தேதி, சின்னம் எதுவும் இல்லாத சீருடையில் ஆயுதங்களோடு வந்தவர்கள் கிரிமியத் தலைநகர் சிம்ஃபெரோபோலில் கிரிமிய நாடாளுமன்றக் கட்டடத்தைப் பிடித்த செய்தியை மொழிபெயர்த்தவன் நான். அவர்கள் உள்ளூர்த் தற்காப்புப் படையினர், அத்தகைய சீருடை கடையிலேயே கிடைக்கும் என்று புதின் சொன்னதும் என் மேசை வழியாகத்தான் போனது. வாக்குச்சீட்டில் இருந்த இரண்டு கேள்விகளில் எதுவும், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்ல விரும்பியவருக்கு இடம் தரவில்லை. 1944 மே மாதத்தில் ஸ்டாலின் ஆட்சி மத்திய ஆசியாவுக்கு நாடுகடத்திய கிரிமியத் தாத்தார் மக்களின் பிரதிநிதி அவையான மஜ்லிஸ், வாக்கெடுப்பைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தது. அந்த மக்களில் ஒருவர் மார்ச் 3ஆம் தேதி அரசுக் கட்டடத்தின் முன் தனியாக நின்று எதிர்ப்புத் தெரிவித்தபோது இழுத்துச் செல்லப்பட்டு, வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் பிணமாகக் கிடைத்தார்.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. தமிழில் ‘இணைப்பு’ என்ற சொல், மனமொப்பிச் சேர்வதற்கும் பிறர் நிலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதற்கும் ஒன்றாகவே வழங்குகிறது. ‘பறித்தது’ என்று போட்டிருந்தால், தீர்ப்புச் சொல்ல நீ யார் என்று மறுநாள் காலை ஆசிரியர் கேட்டிருப்பார். ஆனால் ஐயா பறித்தது என்று போடச் சொல்லவில்லை. பிறவினையை மட்டுமே கேட்டார். ‘இணைத்தது’ என்றால் யார் இணைத்தது என்ற கேள்வி அந்த வினையோடு ஒட்டிக்கொண்டே வரும். ‘இணைந்தது’ என்றால் பழம் கனிந்து தானாக உதிர்ந்ததுபோல் ஆகிவிடும். செய்தவர் கண்ணில் படாமலிருப்பதே அன்று மாஸ்கோவுக்கு வேண்டியிருந்தது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 17ஆம் தேதி, அந்தத் தற்காப்புப் படைக்குப் பின்னால் ரஷ்ய வீரர்கள் நின்றார்கள் என்று புதினே ஒப்புக்கொண்டார்.

முதல் முறையும் அல்ல. 2008 ஆகஸ்டில் ஜார்ஜியா மீதான ஐந்து நாள் போர் முடிந்து, அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் ரஷ்யா தனி நாடுகளாக அங்கீகரித்தபோது, அவை ‘பிரிந்தன’ என்றுதான் எழுதினேன். 1990களின் தொடக்கத்திலேயே அவை ஜார்ஜியாவின் கையைவிட்டுப் போயிருந்ததால், அங்கே தன்வினைக்குப் பாதி நியாயமாவது இருந்தது. கிரிமியாவில் அந்தப் பாதியும் இல்லை.

2022 செப்டம்பர் 30ஆம் தேதி டொனெட்ஸ்க், லுஹான்ஸ்க், ஸபோரிஷியா, கெர்சோன் ஆகிய நான்கு உக்ரைன் மாகாணங்களை ரஷ்யா சேர்த்துக்கொண்ட செய்தி வந்தபோது, யாரும் கேட்காமலே ‘இணைத்தது ரஷ்யா’ என்று தலைப்பு வைத்தேன். பழைய கடனைத் தீர்த்த ஆறுதலோடு வீட்டுக்குப் போனேன். ஆனால் ஸபோரிஷியா நகரம் அன்றும் உக்ரைன் வசம்தான் இருந்தது. கெர்சோன் நகரத்துக்குள் ஆறே வாரத்தில் உக்ரைன் படை திரும்ப வந்தது. கையில் இல்லாததை எப்படி இணைக்க முடியும்? ‘இணைத்ததாக அறிவித்தது’ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? அப்படியானால் 2014இல் ஐயா காட்டிய எழுத்தை மாற்றியிருந்தாலும் அது போதுமானதாக இருந்திருக்குமா என்பதில் எனக்கு உறுதியில்லை.

2025இல் சமாதானப் பேச்சு தொடங்கிய பிறகு, டொனெட்ஸ்க் மாகாணத்தில் எஞ்சியிருக்கும் பகுதியிலிருந்தும் உக்ரைன் படை வெளியேற வேண்டும் என்று ரஷ்யா கேட்கும் செய்தி பலமுறை வந்துவிட்டது. உதவி ஆசிரியர்கள் அதை ‘விட்டுக்கொடுக்க வேண்டும்’ என்று எழுதித் தருகிறார்கள். அண்ணன் தம்பி சண்டையில் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் சொல் அது. விட்டுக்கொடுப்பவனை நல்லவன் என்போம். ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே மக்கள் என்று 2021 ஜூலையில் புதின் எழுதிய கட்டுரையும் அந்த அண்ணன் தம்பிப் பேச்சுதான். ஒரு நாள் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘ஒப்படைக்க’ என்று எழுதிப் பார்த்தேன். உரியவருக்குத் திருப்பித் தருவதுபோல் ஒலித்தது. கடைசியில் ‘விலக வேண்டும்’ என்று போட்டுப் பக்கத்தை அனுப்பினேன். அதுவும் தன்வினைதான்.