‘ஈபர் பாசிட்டிவ்’ என்று வந்த அப்பாவின் ரிப்போர்ட்

அப்பாவுக்கு 61 வயது. சாப்பிட்டதும் மேல்வயிறு அடைக்கிறது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அல்சராக இருக்கும் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆறு கிலோ இளைத்த பிறகுதான் எண்டோஸ்கோபி எடுத்தோம். இரைப்பையின் மேல்பகுதியில் புண். பயாப்சியில் புற்றுநோய்.

சென்னையில் நாங்கள் பார்த்த புற்றுநோய் மருத்துவர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “பிளாக்கும் ஸ்லைடும் எங்கேம்மா?” என்று கேட்டார். பயாப்சியில் எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைப்பார்கள், அதுதான் பிளாக். அதிலிருந்து மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டியது ஸ்லைடு. முதலில் பார்த்த மருத்துவமனையில் அவற்றை வாங்க ஒன்பது நாள் அலைந்தேன். ரிப்போர்ட் வாங்கும் அன்றே எழுதிக் கொடுத்து இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்த ஒன்பது நாளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கட்டியின் செல்களுக்கு இடையே வெள்ளணுக்கள் நெருக்கமாக இருந்ததால், வழக்கமான சோதனைகளோடு ‘ஈபர்’ சோதனையும் செய்தார்கள். பாசிட்டிவ். எப்ஸ்டீன்-பார் வைரஸ் கட்டிக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

வைரஸ் என்ற சொல் வீட்டை ஆட்டிவிட்டது. அம்மா அப்பாவின் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். தங்கை குழந்தையை அழைத்து வருவதை நிறுத்தினாள். அப்பா எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி, ஜன்னலோரம் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அடுத்த முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் மருத்துவரிடம் நேராகவே கேட்டேன். “இந்த வைரஸ் உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும்” என்றார். உலகில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குச் சிறுவயதிலோ இளவயதிலோ எச்சில் வழியாக வந்து, உடலில் சும்மா தங்கிவிடுகிறதாம். மிகச் சிலருக்கு மட்டும் இரைப்பைச் செல்லுக்குள் புகுந்து, செல் பெருகாமல் காக்கும் மரபணுக்களை முடக்கிவிடுகிறது. இரைப்பைப் புற்றுநோய் வந்த 100 பேரில் ஏறக்குறைய 9 பேருக்கு இந்த வகை, அதிலும் ஆண்களுக்கே அதிகம். அப்பாவின் கட்டியில் எல்லாச் செல்லிலும் வைரஸ் இருந்தது. வைரஸ் புகுந்த ஒரு செல்தான் பெருகிக் கட்டியாகியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று விளக்கினார். புற்றுநோய் தொற்றாது.

“பைலோரிக் கிருமிக்கு மாத்திரை தர்றாங்களே, இதுக்குக் கிடையாதா?” என்று அம்மா கேட்டார். பைலோரி என்பது இரைப்பையில் புண்ணும் புற்றுநோயும் உண்டாக்கக்கூடிய பாக்டீரியா, அதை மருந்தால் ஒழிக்கலாம். இந்த வைரஸை ஒழிக்க மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இன்னும் இல்லை. ஆனால் மற்ற வகைகளைவிட இந்த வகையின் போக்கு பொதுவாகக் கொஞ்சம் மேல் என்றும், பின்னால் தேவைப்பட்டால் இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் சிகிச்சை) நன்றாகக் கேட்க வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னார். அதனால் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்று இரவு அம்மா அந்த டம்ளரை மற்றவற்றோடு சேர்த்துக் கழுவி அடுக்கினார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு கீமோ, இரைப்பையை முழுதாக எடுத்த அறுவை சிகிச்சை, மறுபடி நான்கு கீமோ. கடைசி இரண்டில் விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைக்கூட அப்பாவால் போட முடியவில்லை. இப்போது ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒரு இட்லி, அரை தோசை என்று சாப்பிடுகிறார். இரைப்பை இல்லாததால் பி12 வைட்டமின் ஊசி ஆயுளுக்கும் உண்டு. அடுத்த ஸ்கேன் தை மாதம்.