அப்பாவுக்கு இடம் தேடிய கதை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களுக்கு மறதி நோய் வந்தால் எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

அப்பா ஐசிப்படி (அடையாள அட்டை) 1943-இல் பிறந்தவர். கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியே எங்கள் மூவரையும் ஆளாக்கினார். அம்மா போன பிறகு கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார், பணத்தைத் தலையணை உறைக்குள் திணித்துவிட்டுத் திருடு போனது என்பார். "வயசானா அப்படித்தான்" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார். அவர் வேலை செய்த தீம்பாரில் (மரத்தோப்பில்) இன்று ஒரு கித்தா மரம்கூடக் கிடையாது, எல்லாம் செம்பனை. போகிற வழி கால்களுக்கு நினைவிருந்தது, போய்ச் சேர்ந்த இடத்தில்தான் மரத்தைக் காணவில்லை. குலை வெட்ட வந்த வங்காளதேசத் தம்பிகள் இருவர் மோட்டாரில் உட்கார வைத்துக் கொண்டுவந்து விட்டார்கள்.

டாக்டரிடம் காட்டலாம் என்றதும் அத்தை கத்தினார்: "என்ன, அண்ணனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் போறியா?" பேராக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். அங்கே 1911-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, இன்றைய பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை, நம் ஊர்ப் பேச்சில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. இந்தப் பயத்தாலேயே எத்தனை குடும்பங்கள் நோயை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கின்றனவோ. முதலில் போக வேண்டிய இடம் அதுவல்ல. பக்கத்தில் இருக்கும் அரசாங்கக் கிளினிக்குதான்.

கிளினிக்கில் முதியோருக்கென்று ஒரு பரிசோதனை உண்டு. மறதிக்குப் பத்துக் கேள்விகள்: என்ன வயது, எந்த ஆண்டு பிறந்தீர்கள், இன்று என்ன கிழமை, இது என்ன இடம் என்று போகும். ஓர் எண்ணைச் சொல்லிக் கடைசியில் திரும்பக் கேட்பார்கள். ஏழும் அதற்கு மேலும் சரியாகச் சொன்னால் கவலையில்லை. நான்கு அல்லது அதற்குக் கீழே என்றால் மறதி நோயாக இருக்கலாம். அன்று எங்களுக்கு வாய்த்த மிஸ்ஸி (தாதி) தமிழ்ப் பெண். மலாயில் கேட்டால் அப்பா சிரித்தே சமாளித்துவிடுவார். பிறந்த ஆண்டைக் கேட்டதற்கு, "ஜப்பான்காரன் வந்து ஒரு வருசம் கழிச்சு, தைப்பூசத்துக்கு முன்னால" என்றார். மிஸ்ஸி விரல்விட்டு எண்ணிப் பார்த்து அதைச் சரி என்று போட்டார். அப்படியும் அவருக்கு மூன்றுதான் கிடைத்தது. பள்ளிக்கூடம் பார்க்காதவர்களுக்கு இந்தக் கேள்விகள் எவ்வளவு நியாயம் என்பது வேறு பேச்சு. அதனால்தான் நான் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போயிருந்தேன்: எப்போது அடுப்பை அணைக்க மறந்தார், எப்போது வழி தவறினார், இரவில் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று. டாக்டர் மதிப்பெண்ணைவிட அந்த நோட்டைத்தான் நெடுநேரம் படித்தார்.

அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம். மறதி என்று வந்தவுடன் மாத்திரை எழுதிவிடமாட்டார்கள். தைராய்டு, பி12 குறைவு, சோடியம், சர்க்கரை என்று இரத்தத்தில் பார்ப்பார்கள். தலைக்கு சிடி ஸ்கேன் எடுப்பார்கள். குணப்படுத்தக்கூடிய காரணம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள், அதனால் பொறுமை வேண்டும். அப்பாவுக்கு அல்சைமரோடு, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நெடுநாள் இருந்ததால் மூளையின் சிறு இரத்தக் குழாய்களும் கெட்டிருந்தன. டொனெபெசில் என்ற மறதி மாத்திரையை 5 மில்லிகிராமில் ஆரம்பித்தார்கள். தொடங்கும் முன் இசிஜி எடுத்தார்கள், அந்த மருந்து நாடித்துடிப்பைக் குறைக்கும் என்பதால். இரவில் போட்டபோது கனவில் கத்தினார். காலைக்கு மாற்றியதும் அடங்கியது. நோயை இது நிறுத்தாது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க வைக்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த ஒளிவுமறைவின்மை எனக்குப் பிடித்தது.

பகலில் நான் பள்ளியில் குமாஸ்தா வேலை, அண்ணன் சிங்கப்பூரில், தங்கை கிள்ளானில். வைத்திருக்க ஆள் இல்லை என்றதும் சமூகநல இலாகாவில் விசாரித்தேன். அரசின் ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள் 60 வயதுக்கு மேல், ஆதரிக்க யாருமில்லாமல், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடியவர்களுக்கு. படுத்த படுக்கையான ஆதரவற்றவர்களுக்கு கோலகுபுபாருவிலும் டுங்குனிலும் ஏசான் இல்லங்கள் இருக்கின்றன. மூன்று பிள்ளைகள் சம்பளச் சீட்டோடு நிற்கும்போது இரண்டுமே பொருந்தாது. விதி அப்படி, குறை சொல்ல ஒன்றுமில்லை. உண்மையிலேயே ஆளில்லாத முதியவர் உங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு) பக்கம் இருந்தால் இலாகாவில் போய்ச் சொல்லுங்கள். வருமானமில்லாத முதியோருக்கான மாத உதவி 2025-இல் 500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 600 ஆனது.

ஆக, தனியார் இல்லம்தான். எங்களுக்குச் சொன்ன விலை மாதம் 1,800 முதல் 3,500 வரை. பேம்பர்ஸ், புண் கட்டுவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் தனி. சேர்ப்பதற்கு முன் மருத்துவ அறிக்கையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கேட்பார்கள்.

முதலில் பார்த்தது ஒரு தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடு, வாசலில் போர்டு மட்டும் பளபளவென்று. 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டேன். "ரினியூ பண்ணக் கொடுத்திருக்கு" என்றார்கள். போம்பா (தீயணைப்புத் துறை) அனுமதிக்கும் அதே பதில்தான். இன்னோர் இடத்தில் எல்லாச் சான்றிதழும் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது, கீழே ஒரு பாட்டியைத் துண்டால் நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். காகிதமும் வேண்டும், கண்ணும் வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குப் போங்கள். இந்த நோய்க்காரர்களுக்குப் பதற்றம் கூடும் நேரம் அது, வேலையாட்களின் பொறுமையும் அப்போதுதான் தெரியும்.

கடைசியில் ஈப்போவில் ஒரு சீன அம்மா நடத்தும் இல்லம். தவுக்கே (முதலாளி) அம்மாவுக்குத் தமிழ் ஒரு வார்த்தை வராது, ஆனால் புந்தோங்கிலிருந்து வேலைக்கு வரும் தமிழ் அக்கா ஒருவர் இருந்தார். நான் முடிவு எடுத்தது அவரால்தான். சேர்த்த அன்று இரும்புக் கேட்டைத் திறந்ததும் அப்பா நின்றுவிட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் அவர் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது: 1948-இல் அவசரகாலம் வந்த பிறகு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாது என்று, தீம்பாருக்குப் போகிறவர்களை கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்ப்பார்களாம். ஆத்தாவின் கைபிடித்துப் போன பையன் அவர். நான் அதை அக்காவிடம் சொன்னேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை, அப்பாவின் சட்டைப் பையையும் இடுப்பையும் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "அரிசி ஒண்ணும் இல்ல தாத்தா, உள்ள போங்க" என்றார். அப்பா கையை இறக்கிக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு ஒரு தாளில் அப்பாவின் பழக்கங்களை எழுதிக் கொடுத்தேன். நாலு மணிக்கு எழுவார், தடுக்க வேண்டாம், கோப்பி ஓ (பாலில்லாத காப்பி) கொடுத்தால் உட்கார்ந்துவிடுவார். முன்னால் வந்து குளிப்பாட்டினால் அடிப்பார், வாளியையும் குவளையையும் கையில் கொடுத்தால் தானே ஊற்றிக்கொள்வார். மலாயிலும் ஒரு நகல் வைத்தேன், இரவு ஆள் இந்தோனேசியப் பெண் என்பதால். எந்த இல்லமாக இருந்தாலும் இந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளாதவர்களிடம் விடாதீர்கள்.

பணம் பற்றி இரண்டு விஷயம். பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு வருமான வரியில் 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு, டாக்டர் சான்று வேண்டும். ரசீதை யார் பெயரில் போடுவது என்று உடன்பிறப்புகள் முதல் மாதமே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் அது ஒரு சின்னப் போராகவே நடந்தது.

இன்னொன்று, சொத்து விஷயத்தை நோய் முற்றுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். தானே முடிவெடுக்கும் புத்தித் தெளிவு போன பிறகு பவர் ஆப் அட்டர்னி (அதிகாரப் பத்திரம்) இந்நாட்டில் செல்லாது. அதன் பிறகு சொத்தை விற்க 2001 மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எங்கள் தாமான் வீடு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. விற்று இல்லத்துக் கட்டணம் கட்டலாம் என்கிறான் அண்ணன். வக்கீல் சொன்ன தொகையைக் கேட்டபின், வாடகைக்கு விட்டு அதில் வருவதை இல்லத்துக்குக் கட்டுவோம் என்று நானும் தங்கையும் சொல்லிவிட்டோம். அடுத்த மாதத்திலிருந்து ஒரு ஆசிரியர் குடும்பம் வருகிறது.