ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு சட்டம்

கலிபோர்னியாவிலுள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் போக, அரிசோனாவில் நாங்கள் இருக்கும் ஃபீனிக்ஸில், காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்திருந்தோம். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரும் மாமியாரும் உடன் வந்தார்கள். மாமனார் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

"மாப்பிள்ளை, இதை இழுக்கத் தனி லைசென்ஸ் எடுத்துவிட்டீர்களா?"

இந்த அளவு ட்ரெய்லருக்குச் சாதாரண கார் லைசென்ஸே போதும் என்றேன்.

"எட்டுகூடப் போட்டுக் காட்ட வேண்டாமா?" என்றார். அமெரிக்காவின் மீது அவர் வைத்திருந்த மரியாதையில் பாதி அங்கேயே போய்விட்டது.

மீதியைக் காப்பாற்றியது சட்டப் புத்தகம். இரவெல்லாம் கண் விழித்து இரண்டு மாநிலங்களின் விதிகளையும் டைரியில் எழுதிவிட்டார். அரிசோனாவில் 3,000 பவுண்டு எடையிலிருந்துதான் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். கலிபோர்னியாவில் தங்கும் வகை ட்ரெய்லருக்கு 1,500 பவுண்டே போதும். எங்களுடையது இரண்டையும் தாண்டிய கனம். அதனால் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்துவிட்டார். இணைப்புக்குக் கீழே பாதுகாப்புச் சங்கிலிகள் குறுக்காகப் போட்டிருக்கின்றனவா? கொக்கி கழன்றாலும் ட்ரெய்லரின் முனை தரையில் குத்தாமல் அந்தப் பின்னலில் தங்க வேண்டுமாம். ட்ரெய்லர் முழுதாகப் பிய்த்துக்கொண்டு போனால் தானாகவே பிரேக் பிடிக்க வைக்கும் கம்பி எங்கே? இரு பக்கக் கண்ணாடிகளிலும் 200 அடி பின்னால் தெரிகிறதா? இதைச் சோதிக்க மாமியாரைத் தெருக்கோடிக்கு அனுப்பிக் கையசைக்கச் சொன்னார். எதிர்வீட்டு அம்மையார் பதிலுக்குக் கையசைத்தார்.

புறப்படும்போது அடுத்த வழக்கு. கட்டிலில் படுத்துக்கொண்டே வருகிறேன் என்றார் மாமியார். மாமனார் டைரியைப் புரட்டினார். கலிபோர்னியாவில் ஓடும் ட்ரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது; பிக்கப் லாரியின் முதுகில் பூட்டும் ஃபிப்த் வீல் வகைக்கு மட்டும் சில நிபந்தனைகளுடன் விலக்கு.

"அப்படியானால் அந்த வகையையே எடுத்திருக்கலாமே. காசு கொடுத்து வாங்கிய கட்டிலைச் சும்மா இழுத்துக்கொண்டு போகவா?" என்று மாமியார் என்னைப் பார்த்தார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அரிசோனாவில் நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 75 மைல் வரை உண்டு. ட்ரெய்லர் டயருக்குப் பயந்து நான் 65-இல் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையான கொலராடோ ஆற்றைக் கடந்ததும் முன் இருக்கையிலிருந்து மாமனாரின் ஆணை வந்தது: "ஐம்பத்தைந்து! வலது தடம்!" கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் 55 மைல்தான் உச்சம். கார்கள் 70-இல் பறக்கும் பாலைவனச் சாலையில் நாங்கள் மட்டும் சப்பரம்போல் நகர்ந்தோம். லாரிகள்கூட எங்களை முந்தின. மாமனார் அவற்றின் எண்களைக் குறித்துக்கொண்டார். "லாரிக்கும் இங்கே 55தான் மாப்பிள்ளை." யாரிடம் கொடுக்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.

சோதனைச் சாவடியைச் சொல்ல மறந்துவிட்டேனே. ஆற்றைத் தாண்டியதுமே கலிபோர்னியாவின் வேளாண் சோதனை. பழம், செடி, இலை ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், முப்பது வருடம் சாலையோரம் நின்று இதே தொனியில் கேள்வி கேட்டவர் நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டார்: "கறிவேப்பிலை இருக்கிறது, சார்." ஃபீனிக்ஸ் வீட்டுத் தொட்டியில் வளர்ந்தது. மாமியார் ஈரத்துணியில் சுற்றிக் குழந்தையைப்போல் கொண்டுவந்தது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையிலும் தங்குமாம். அதிகாரி வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். மாமனார் ஏறக்குறைய சல்யூட் அடித்தார்.

பின் இருக்கையில் அதன் பிறகு பேச்சே இல்லை.

இரவு முகாமில் ரசம் பரிமாறப்பட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு மாமனார் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "என்ன, வாசனையே இல்லையே?"

"சட்டப்படி வைத்திருக்கிறேன்" என்றார் மாமியார். "குடியுங்கள்."