சேற்றுக்கு நடுவே

நவம்பர் 2, ஞாயிறு

இன்று நடந்ததை ஓட்டம் என்று எழுதவே கை வரவில்லை. சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் அடிவாரத்தில் தொடங்கி உச்சி, அங்கிருந்து இறங்கி ரைஃபிள் ரேஞ்ச் சாலை, அப்புறம் ரைஃபிள் ரேஞ்ச் லிங்க் வழியாகக் காட்டைக் கடந்து மெக்ரிட்சி நீர்த்தேக்கம். வரைபடத்தில் பார்த்தால் சின்னக் கோடுதான். ஈஸ்ட் கோஸ்ட் கடலோரத்தில் ஐந்தரை நிமிடத்தில் முடிகிற ஒரு கிலோமீட்டர், இங்கே பல இடங்களில் பன்னிரண்டு நிமிடத்தை விழுங்கியது. ஒரு இடத்தில் பதினாறு.

வனப்பகுதிப் பாதைகளில் காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணி வரைதான் அனுமதி. அதனால் விடிவதற்கு முன் இருக்கும் கொஞ்சநஞ்சக் குளிர்ச்சியும் நமக்குக் கிடைக்காது. நேற்றிரவு நல்ல மழை. விடிகாலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இந்த ஊரில் சர்வசாதாரணம். மரங்களுக்கு அடியிலோ இலைகூட அசைவதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இன்று ஒரு சொட்டும் ஆவியாகவில்லை, முழங்கையிலிருந்து ஒழுகிக்கொண்டே இருந்தது. மலையடிவாரத்திலேயே சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

புக்கிட் தீமா உச்சி 163.63 மீட்டர். சிங்கப்பூரில் இதைவிட உயரமான இயற்கைக் குன்று கிடையாது. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் சொன்னால், "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். உயரத்தை வைத்து இந்தக் குன்றை எடைபோடக் கூடாது. தார்ச்சாலையே மூச்சு முட்டும்படி நிமிர்ந்து ஏறுகிறது. அதைத் தாண்டிப் படிகள். ஒரு படி அரையடி உயரம், அடுத்தது அதில் இரண்டு மடங்கு, அதற்கடுத்தது மண் கரைந்து போய் விளிம்புக் கட்டை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஒரு தாளத்தைப் பிடித்து ஏறலாம் என்றால் நான்காவது படியிலேயே தாளம் தப்பிவிடுகிறது. ஓடத் தெரிந்த காலை ஓடவிடாமல் செய்கிற பாதையில் வரும் எரிச்சல் தனி ரகம்.

இறக்கத்தில் வேர்கள். மேல்தோல் உரிந்து, எத்தனையோ பேர் மிதித்து மிதித்துப் பழுப்பு நிறத்தில் மின்னும் வேர்கள். மழைநீர் பட்டதும் சோப்பு தடவி வைத்தது மாதிரி ஆகிவிடுகின்றன. ஷூவின் அடியில் எவ்வளவு ஆழமான பற்கள் இருந்தாலும் ஈர மரத்தின் மேல் அவற்றுக்கு வேலையில்லை. பல் பதிய மண் வேண்டும். அதனால் வேரில் கால் படாமல் வேருக்கு இடையே பாதத்தை நேராக இறக்க வேண்டும், எட்டைக் குறுக்கிக்கொண்டு, பார்வையை மூன்று நான்கு மீட்டர் முன்னால் வைத்துக்கொண்டு. இத்தனையும் செய்தேன். ஆனாலும் இடது கால் ஒரு முறை வழுக்கி, கணுக்கால் வெளிப்பக்கமாக மடிந்து நிமிர்ந்தது. ஒரு நிமிடம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, வீங்கவில்லை.

ரைஃபிள் ரேஞ்ச் லிங்க்கில் ஒரு பள்ளம். ஏறுவதற்கு முன் தாழ்வான இடம், தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கி, இருபது அடி நீளத்துக்குச் செஞ்சேறு. எனக்கு முன்னால் போன ஐந்தாறு பேரும் ஷூ நனையாமல் இருக்க ஓரமாகச் சுற்றிப் போனார்கள். அந்த ஓரம் ஏற்கெனவே இன்னொரு பாதையாகிவிட்டது. அதுவும் சேறாகிவிட்டதால் அதற்கும் வெளியே மூன்றாவதாக ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது. நானும் அந்தப் பக்கம்தான் போயிருப்பேன். அதற்குள் பின்னாலிருந்து, என்னோடு ஓட வரும் அக்காவின் குரல்: "தம்பி, நடுவுல இறங்கு!" இறங்கினேன். கணுக்கால் வரை போனது.

மெக்ரிட்சியில் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்தபோது மொத்தம் இரண்டேகால் மணி நேரம் ஆகியிருந்தது. வாட்சும் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே செயற்கைக்கோள் சிக்னல் இலையிலும் கிளையிலும் பட்டுச் சிதறித்தான் வந்து சேரும். பதிவில் நான் பாதையை விட்டுக் காட்டுக்குள் கோணல்மாணலாக அலைந்ததாகக் காட்டுகிறது.

நவம்பர் 3, திங்கள்

தொடை முன்பக்கம் கல்லாகக் கிடக்கிறது. ஏற்றத்தைவிட இறக்கம்தான் தசையை அதிகம் பதம்பார்க்கும். நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் வரும் வலி இது. நாளைக்கு இன்னும் கூடும். இன்று வேறு எதுவும் இல்லை.

நவம்பர் 5, புதன்

வேலை முடிந்து தேக்காவில் அக்காவைப் பார்த்தேன். ஆளுக்கொரு பிராட்டா, தே தாரிக். ஞாயிற்றுக்கிழமை எரிச்சலையெல்லாம் அவரிடம் கொட்டினேன். படி சரியில்லை, பாதை சரியில்லை, சேற்றை மூடி ஒரு மரப்பாலம் போட்டால் என்ன குறைந்துவிடும் என்றெல்லாம்.

அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "2014ல நீ எங்கப்பா இருந்தே?" என்றார். அப்போது நான் பள்ளி மாணவன், ஓட்டத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் புக்கிட் தீமா வனப்பகுதியைப் பழுதுபார்க்க மூடினார்கள். முழுதாகத் திறக்க 2016 அக்டோபர் ஆகிவிட்டது. சரிவுகளை உறுதிப்படுத்தவும், தேய்ந்துபோன பாதைகளைச் செப்பனிடவும் அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. இப்போது நாம் திட்டிக்கொண்டே ஏறும் படிகளிலும் கைப்பிடிக் கயிறுகளிலும் பல அப்போது வந்தவைதான். ஓட்டக்காரர்களின் வசதிக்காக வந்தவை அல்ல. மனிதர்களை ஒரே கோட்டில் நடக்க வைக்க வந்தவை.

அவர் சொன்னதை வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன். காலடி பட்டுப் பட்டு மண் இறுகுகிறது. இறுகிய மண்ணுக்குள் தண்ணீர் இறங்காது, மேலேயே ஓடும், ஓடும்போது மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். மண் போனதும் வேர் வெளியே தெரிகிறது. வேர் தெரிந்ததும் அதில் வழுக்காமல் இருக்க ஆட்கள் ஓரமாகப் போகிறார்கள். அந்த ஓரமும் இறுகுகிறது. என் கணுக்காலை மடக்கிய வேர், பத்திருபது ஆண்டுகளுக்கு முன் மண்ணுக்குள் இருந்திருக்கும்.

"பாலம் போடட்டும், போடாம இருக்கட்டும். அதுவரைக்கும் நடுவுல போ. ஷூவைக் கழுவிக்கலாம்" என்றார் அக்கா. பிராட்டாவுக்கும் அவரே காசு கொடுத்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று மெக்ரிட்சிப் பக்கம் மட்டும். நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து வனக்காவல் நிலையம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். இங்கே தரை வேறு மாதிரி. இரும்பு கலந்த செம்மண் சரளை. காய்ந்திருந்தால் சின்னச் சின்ன உருண்டைக் கற்கள் பாதத்துக்கு அடியில் உருளும், நனைந்தால் அதன் கீழே இருக்கும் களிமண் வழுக்கும். இருந்தாலும் புக்கிட் தீமாவோடு பார்க்கும்போது இது ராஜபாட்டை. முதல் மூன்று கிலோமீட்டர் உண்மையிலேயே ஓடினேன். எட்டு எட்டாகக் கால் விழ, மூச்சு அதோடு சேர, எவ்வளவு நாளாயிற்று இப்படி ஓடி என்று இருந்தது.

அதுவும் நீடிக்கவில்லை. எட்டரை மணிக்கெல்லாம் மேற்கே இடி உறுமத் தொடங்கியது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 160 நாளுக்கு மேல் இடிமின்னல் உண்டு. பருவக்காற்று மாறும் இந்த மாதத்தில் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும் என்பதால் காலையில் ஓடினால் தப்பிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். உயர்ந்த மரங்களுக்கு நடுவே மின்னலில் மாட்டிக்கொள்வதற்கு நியாயமே இல்லை. அக்கா ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரும்பினார். நானும் திரும்பினேன். பூங்காக் கூரைக்குக் கீழே வந்து சேரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

அங்கே ஒதுங்கிய வேறு சில ஓட்டக்காரர்களோடு பேச்சு வந்தது. நான் சேற்றுப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னதும் ஒரு அண்ணன், "புது ஷூப்பா, இருநூறு வெள்ளிக்கு மேல. அதை எப்படிச் சேத்துல இறக்குறது?" என்று கேட்டார். காட்டில் ஓடுவதற்கென்று செய்த ஷூவைக் காட்டுச் சேற்றிலிருந்து காப்பாற்றி யாருக்கு என்ன லாபம்? அதைக் கொஞ்சம் மென்மையாகச் சொன்னேன். அந்தப் பற்கள் மெதுமண்ணில் பதியத்தான், ஓரத்து இலைதழைமேல் போனால் அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் அங்கேதான் கால் பிசகும், நடுச் சேற்றின் அடித்தளம் பலமுறை மிதிபட்டுக் கெட்டியாக இருக்கும் என்றெல்லாம். அவர் ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. மழை விட்டதும் கைகொடுத்துவிட்டுப் போனார்.

நவம்பர் 12, புதன்

வீட்டிலேயே கணுக்காலுக்குப் பயிற்சி. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, அப்புறம் அதையே கண்ணை மூடிக்கொண்டு. கண் மூடியதும் பாதத்தின் சின்னச் சின்னத் தசைகள் எல்லாம் துடிப்பது தெரிகிறது. கணுக்கால் மடங்கும்போது பெரும்பாலும் அடிபடுவது வெளிப்பக்கத்து முன் தசைநார்தான். அதைக் காப்பது உடம்பு சாய்வதை எவ்வளவு சீக்கிரம் பாதம் உணர்கிறது என்பதைப் பொறுத்தது. அம்மா வந்து எட்டிப் பார்த்து, "விழுந்து வைக்காதேய்யா" என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

மறுபடியும் முழுப் பாதை. புக்கிட் தீமா, ரைஃபிள் ரேஞ்ச் லிங்க், மெக்ரிட்சி. இரண்டு நாளாக மழை இல்லாததால் வேர்கள் ஓரளவு காய்ந்திருந்தன. படிகள் அதே படிகள். ஓடி ஏறப் பார்த்து, தாளம் தப்பியதும் விட்டுவிட்டு, தொடையில் கையை ஊன்றி நடந்தே ஏறினேன். அந்தப் படிகளின்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. சீரான உயரத்தில் கட்டியிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

காட்டுக்குள் ஒரு வளைவில் பிரம்புக் கொடி ஒன்று தோளில் மாட்டிக்கொண்டது. நூல்போல மெல்லிய சாட்டை, அதில் வரிசையாகப் பின்னோக்கி வளைந்த முள். முன்னால் இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகக் கொக்கி போடும். ஒரு எட்டுப் பின்வாங்கி, முள்ளை ஒவ்வொன்றாகத் துணியிலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. அப்படி நின்றபோதுதான் பார்த்தேன், கொடி பாதைக்குள் நீளவில்லை, பாதைதான் கொடி இருக்கும் இடம்வரை அகன்று வந்திருக்கிறது. கொடிக்கு அடியில் விரல் நீளக் கன்றுகள் நான்கைந்து, பாதி நசுங்கிய நிலையில்.

பள்ளத்தில் தண்ணீர் குறைந்து சேறு கெட்டியாகியிருந்தது. அது இன்னும் மோசம். காலைப் பிடித்து இழுக்கிறது. நடுவிலேயே போனேன். அக்கா எனக்கு முன்னால், அவருக்கும் முன்னால் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள், அவர்களும் நடுவிலேயே. எதிரே வந்த ஒரு பெரிய குழு ஓரமாகச் சுற்றிப் போனது. அவர்களில் கடைசியாக வந்த பையன் எங்களைப் பார்த்துவிட்டு நின்று, கீழே இறங்கி, ஷூவைச் சேறு விழுங்க, சிரித்துக்கொண்டே கடந்தான்.

மெக்ரிட்சிக்கு வந்து சேர இரண்டு மணி ஐந்து நிமிடம். போன தடவையைவிட வேகம்தான், ஆனாலும் பாதிக்கு மேல் நடைதான். அக்கா தேசியப் பூங்காக் கழகத்துக்கு அந்தப் பள்ளத்தின் படங்களை அனுப்பப் போகிறார். தண்ணீர் வடிய ஒரு பக்கக் கால்வாய் வெட்டினாலே பாதிச் சேறு போய்விடும் என்பது அவர் கருத்து. இடம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, அருகிலிருக்கும் வழிகாட்டிப் பலகையையும் சேர்த்துப் படம் எடுத்திருக்கிறேன். இன்று இரவு அவருக்கு அனுப்ப வேண்டும்.