கரிநெருப்பு: இந்த லெந்து நாட்கள்

மார்ச் 5, 2025. சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்ற தவக்காலம் தொடங்கும் நாள்
மாலை ஆராதனைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தாவீது ராஜா தன் பாவத்துக்காக அழுத 51-ஆம் சங்கீதம் வாசித்தார்கள். எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 7
தூக்கம் இல்லை. ரூ.40,000.

மார்ச் 9, ஞாயிறு
அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. எட்டு மாதமாகிறது. பக்கத்தில் இருந்த பாட்டி, "போ கண்ணு, முட்டி வலிக்குதா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அதுவும் பொய்.

மார்ச் 14
"தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து." அந்தச் சங்கீதத்தின் இந்த வரியை விட்டு நகர முடியவில்லை. ஒருவருக்கேவா? அப்போது தாவீது மனைவியை எடுத்துக்கொண்டு கொல்லவைத்த உரியா? தன்னைச் சாகடிக்கச் சொல்லும் கடிதத்தைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டு தளபதி யோவாபிடம் போனானே, அவன் யார்? எதிர் வீட்டு அக்காவும் அப்படித்தான், நான் நடத்திய சீட்டுக்கு இருபது மாதம், மாதாமாதம் தறிக்கூலியில் மிச்சம் பிடித்த 2,000 ரூபாயைத் தன் கையாலேயே என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். சுருக்குப் பையை அவிழ்த்து, இரண்டு தடவை எண்ணி. சீட்டு முடிந்ததும் மற்றவர்கள் பணம் கட்டவில்லை என்று சொன்னேன். எல்லோரும் கட்டியிருந்தார்கள். அந்த ஜூனில் பிள்ளை நர்சிங் சேர முடியவில்லை. இப்போது தையல் கம்பெனி வண்டியில் காலை ஏழு மணிக்குப் போகிறாள். கர்த்தரிடம் மட்டும் அழுது எழுந்துவிட்டால் தீருமா?

மார்ச் 19
தெருமுனையில் இஸ்திரிக்காரர் பெட்டிக்குக் கரி பற்றவைத்தார். அந்த வாசம் வந்ததும் பேதுரு ஞாபகம். குளிர் காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்றானே, அதுவும் கரிநெருப்புதான்.

மார்ச் 26
விடியற்காலையில் அக்கா ஈரச்சேலையோடு வந்தார், பெரிய மாரியம்மன் கோயிலில் பண்டிகைக்கு நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு. என் வாசலிலும் நின்றார். "ஏன் அம்மிணி, மூஞ்சி இப்படி வாடிக்கெடக்குது? சாப்டியா?"
பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 27
"சாப்டியா?"

ஏப்ரல் 2
ஆயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சாமுவேல் 12-ஐத் திறந்து என்னையே வாசிக்கச் சொன்னார். பாவஞ்செய்தேன் என்று தாவீது சொல்கிற அதே வசனத்தில் கர்த்தர் உன் பாவத்தை நீக்கிவிட்டார் என்று தீர்க்கதரிசி நாத்தான் சொல்கிறான். நடுவில் ஒரு நாள்கூட இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. "அவ்வளவு லேசா ஐயா?" என்றேன். "லேசுன்னு யாரு சொன்னதுங்க? சிலுவைய மறந்துட்டீங்களா?" என்றார். அப்புறம் மெதுவாக, "அந்த அக்காகிட்ட எப்பப் போறீங்க?" என்றார்.

ஏப்ரல் 5
வீட்டுக்காரரிடம் சொன்னேன். வண்டியை எடுத்துக்கொண்டு போனவர் இரவு பதினொன்றுக்குத்தான் வந்தார்.

ஏப்ரல் 10
வளையலை அடகு வைத்தேன். 15,000.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
அக்கா வீட்டுக்குள் போகவில்லை. வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 15
யோவான் 21, உயிர்த்தெழுந்த இயேசு சீஷர்களுக்குக் கடற்கரையில் தோன்றியது. திரும்பத் திரும்ப. கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்." என்னை நேசிக்கிறாயா என்று பேதுருவிடம் கேட்டது சாப்பிட்ட பிறகுதான். மறுதலித்தவனுக்கு முதலில் சோறு போட்டிருக்கிறார். இத்தனை வருடம் வாசித்தும் இது என் கண்ணில் படவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். போன மாதத்து அழுகை மாதிரி இல்லை இது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
போனேன். தறியை நிறுத்திவிட்டு வந்தார். நின்றபடியே எல்லாம் சொன்னேன். பணத்தை வாங்கி இரண்டு தடவை எண்ணினார்.
"மீதி எப்ப?"
"ஆடிக்குள்ள தந்தர்றனுங்க அக்கா."
"அவ ஒரு வருசம்?"
என்னிடம் பதில் இல்லை. அவர் உள்ளே போனார். தறிச் சத்தம் மறுபடி கேட்கும் வரை வாசலில் நின்றேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகள் ஆராதனை. மூன்று மணி நேரமும் இருந்தேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்
நாலரை மணி ஆராதனை. திருவிருந்துக்கு எழுந்து போனேன். கை நடுங்கியது. அப்பத்தை வைத்தார்கள். கர்த்தர் மன்னித்திருக்கிறார், எனக்குத் தெரியும். அக்கா இன்னும் என் முகம் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே காலையில்.

ஏப்ரல் 21
நர்சிங் விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்க வேண்டும். பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அக்காவிடம் இருக்கும், அதை எப்படிக் கேட்பேன்?