தெலுக் ஆயர் தாவாரில் பறவைக் கூட்டத்தை எண்ணுவது

சங்கப் புலவர்கள் பறவைக் கூட்டத்தைத் தொழுதி என்றார்கள். பினாங்கின் பெருநிலப் பகுதியில், தெலுக் ஆயர் தாவார் முதல் கோல மூடா வரையிலான சேற்றுக் கரையில் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதைக் கண்ணாரக் காணலாம்.

கடல்நீரின் உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நீர் ஏற ஏறப் பறவைகள் கரையோரம் நெருங்கி வரும். காலை ஏற்றமே நல்லது. கரை மேற்கு நோக்கியது. மாலையில் எதிர்வெயிலில் உள்ளான், பவளக்காலி போன்ற கரைப்பறவைகள் ஒரே கரிய நிழலாகத்தான் தெரியும்.

முதலில் பத்துப் பறவைகளைத் துல்லியமாக எண்ணி, அவை அடைக்கும் இடத்தை மனத்தில் பதியுங்கள். அதே அளவைக் கூட்டம் முழுக்க நகர்த்துங்கள். பெருங்கூட்டமென்றால் நூறு நூறாக. ஓரத்தில் அளவெடுத்தால் கணக்குக் குறையும், ஏனென்றால் நடுவில் நெருக்கம் அதிகம். பொதுவாகவே பெருங்கூட்டத்தைக் கண் குறைத்துத்தான் மதிப்பிடும்.

கலப்புக் கூட்டமா? மொத்தத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தொலைநோக்கியில் மூன்று நான்கு இடங்களில் நூறு பறவைகளை இனம் பிரித்து, அந்த விகிதத்தில் பகிருங்கள்.

தயவுசெய்து கிட்டே போய்க் கிளப்பிவிடாதீர்கள். வலசை போகும் நெடும்பயணத்துக்குப் பறவைகள் உடலில் சேர்த்த கொழுப்பு அப்படித்தான் வீணாகிறது.