ஆளுநரை நீக்குவது எப்படி? மூளை தானாக நிரப்பும் விடைகளும் அரசியலமைப்புப் படிப்பும்

குரூப் 2-வுக்குப் படிக்கும் தம்பி, தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது இந்திய அரசியலமைப்பைப் பற்றித்தான். "எத்தனை தடவை படிச்சாலும் பிரிவு எண் மனசுல நிக்கவே மாட்டேங்குதுக்கா" என்பார்கள். அவர்களுடைய ஞாபக சக்தியில் குறையே இல்லை. படிக்கிற வரிசையில்தான் சிக்கல். உளவியலில் முதுகலை முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்கு வந்தவள் நான். அங்கே பாடமாகப் படித்த ஒரு கருத்தை இங்கே படிக்கும் முறையாகவே மாற்றிக்கொண்டேன். அது நன்றாகக் கைகொடுத்தது.

எதைப் படித்தாலும் மனம் அதை அப்படியே வாங்கி வைப்பதில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஒரு சட்டகத்தில் பொருத்தித்தான் வாங்குகிறது. உளவியலில் இதை ஸ்கீமா என்பார்கள். மனச்சட்டகம் என்று வைத்துக்கொள்வோம்.

1972இல் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படித்துக் காட்டினார்கள். பொருள்களைக் குவியலாகப் பிரிக்க வேண்டும், ஒரே நேரத்தில் நிறையச் செய்யக் கூடாது என்கிற மாதிரி போகும் அது. துணி துவைப்பதைப் பற்றியது என்று முதலிலேயே தெரிந்தவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நினைவிலும் நின்றது. தலைப்பே தெரியாதவர்கள் திணறினார்கள். நாம் கவனிக்க வேண்டியது இன்னொரு குழுவை. கேட்டு முடித்த பிறகு அவர்களுக்குத் தலைப்பைச் சொன்னார்கள். அதனால் பயனே இல்லை, தலைப்புத் தெரியாதவர்கள் அளவுக்குத்தான் அவர்களாலும் சொல்ல முடிந்தது.

நம்மில் பலர் படிப்பது இந்தக் கடைசிக் குழு மாதிரிதான். முதல் வரியில் ஆரம்பித்து அடிக்கோடு போட்டுக்கொண்டே போகிறோம். பாடத்தின் முடிவில் இருக்கும் அட்டவணையைக் கடைசியாகப் பார்க்கிறோம். அட்டவணை முதலில் வரட்டும்.

அரசியலமைப்பில் நான் சட்டகமாக எடுத்துக்கொண்டது குடியரசுத் தலைவர் பாடம், 52 முதல் 78 வரையிலான பிரிவுகள். யார் தேர்ந்தெடுக்கிறார்கள், பதவிக்காலம், நீக்கும் முறை, அதிகாரங்கள், ஆலோசனை சொல்பவர்கள் என்று சில கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு, அந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதற்காக மட்டும் பாடத்தைப் படியுங்கள். இது உறுதியான பிறகு மாநிலப் பகுதி, அதாவது 153 முதல் 167 வரை, புதுப் பாடமாகவே தெரியாது. தண்டனையை மன்னிக்கும் அதிகாரம் அங்கே 72, இங்கே 161. அமைச்சரவை அங்கே 74, இங்கே 163. ஒன்றியத்தின் தலைமை வழக்கறிஞருக்கு (அட்டர்னி ஜெனரல்) 76, மாநிலத்தின் அரசு தலைமை வழக்கறிஞருக்கு (அட்வகேட் ஜெனரல்) 165. பிரதமரின் கடமைகள் 78, முதலமைச்சரின் கடமைகள் 167. அவசரச் சட்டம் 123, 213. வரவுசெலவுத் திட்டம் 112, 202. தனித்தனியாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் கலைந்துவிடும் எண்கள் இப்படி ஜோடியாக வந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

சரி, இதுவரை நல்ல செய்தி. இதே சட்டகம்தான் தேர்வில் மதிப்பெண்ணையும் பறிக்கிறது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

1981இல் புரூவர், டிரேயன்ஸ் இருவரும் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பல்கலைக்கழக அலுவலக அறையில் மாணவர்களைச் சுமார் 35 விநாடி காக்க வைத்துவிட்டு, வேறோர் அறைக்கு அழைத்துப்போய், அங்கே என்னென்ன இருந்தன என்று கேட்டார்கள். மேசை, நாற்காலி எல்லாம் சரியாக வந்தன. புத்தகங்கள் இருந்தன என்றும் பலர் சொன்னார்கள். அந்த அறையில் ஒரு புத்தகம்கூட இல்லை! அலுவலகம் என்றால் புத்தகம் இருக்கும் என்று மனம் தானாக நிரப்பிக்கொண்டது.

இப்போது ஆளுநரை எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசுத் தலைவரைப் பதவிநீக்கம் செய்ய 61ஆம் பிரிவு இருக்கிறது. அதே சட்டகத்தோடு போகிற மனம், ஆளுநரைச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு நீக்கலாம் என்று தானாக எழுதிக்கொள்ளும். அப்படி எந்த நடைமுறையும் அரசியலமைப்பில் இல்லை. 156இன்படி குடியரசுத் தலைவர் விரும்பும் வரை அவர் பதவியில் இருக்கலாம். இராணுவ நீதிமன்றம் தந்த தண்டனையைக் குடியரசுத் தலைவர் மன்னிக்கலாம், ஆளுநரால் முடியாது. துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இதே வலைதான். அதில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வாக்கு இல்லை, நாடாளுமன்ற நியமன உறுப்பினர்களுக்கு உண்டு. குடியரசுத் தலைவர் தேர்தலில் இது அப்படியே தலைகீழ்.

கேள்வி வருவது பெரும்பாலும் இப்படிப் பொருந்தாத இடங்களில்தான். மனம் முதலில் தொலைப்பதும் அவற்றைத்தான். பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலேய மாணவர்கள் வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைத் திரும்பச் சொல்லச் சொல்ல, அவர்களுக்குப் பழக்கமில்லாத விவரங்கள் உதிர்ந்துபோயின. கதையில் வந்த சிறு தோணி சாதாரணப் படகாகிவிட்டது. ஆகவே வித்தியாசங்களுக்கென்றே தனி நோட்டு வையுங்கள். ஜோடியில் ஒத்துப்போவதை அதில் எழுதவே வேண்டாம். அப்புறம், புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் பாடத்தை எழுதிப் பாருங்கள். விட்டுப்போனதைவிட, புத்தகத்தில் இல்லாமல் நீங்களாக எழுதிய வரிகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். படித்ததையே திரும்பத் திரும்ப வாசித்தால் அந்த வரிகள் கண்ணில் படவே படாது.

தேர்வு அறைக்கும் ஒரு யோசனை. 1978இல் ஆண்டர்சன், பிச்சர்ட் இருவரும் ஒரு வீட்டைப் பற்றிய கதையைத் திருடன் கண்ணோட்டத்திலோ, வீடு வாங்க வந்தவர் கண்ணோட்டத்திலோ படிக்கச் சொன்னார்கள். நினைவில் இருந்ததை எல்லாம் எழுதி முடித்த பிறகு கண்ணோட்டத்தை மாற்றச் சொன்னபோது, முன்பு வராத விவரங்கள் புதிதாக வந்தன. பண மசோதா கேள்வியில் மக்களவை பக்கமிருந்து யோசித்து ஒன்றும் வரவில்லையா? மாநிலங்களவை உறுப்பினராக உட்கார்ந்து பாருங்கள். என்னால் இந்த மசோதாவை என்ன செய்ய முடியும்? நிராகரிக்க முடியாது, திருத்த முடியாது, பரிந்துரை மட்டும் சொல்லலாம், 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். கொடுத்திருக்கும் நாலு விடைகளில் குறைந்தது இரண்டு அங்கேயே விழுந்துவிடும்.